இரண்டு அடங்காப்பிள்ளைகள்

ஜனவரி 6, திங்கள்

காலையில் ஆய்வகத்துக்குப் போனால் என் நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். முனைவர் பட்டத்துக்குப் புதிதாகச் சேர்ந்தவளாம். பெயர் ரிஸ்வானா. "சாரிக்கா, எது காலியா இருக்குன்னு தெரியல" என்று எழுந்தாள். நாற்காலியின் முதுகில் என் துப்பட்டா தொங்குகிறது. மேசைமேல் 'சுடர்க்கொடி' என்று எழுதிய தண்ணீர் பாட்டில் நிற்கிறது. இதற்குமேல் எப்படித் தெரிவிப்பது, தண்டோரா போட்டா?

இந்த உயிர்த்தகவலியல் ஆய்வகத்தில் எனக்கு இது ஆறாவது வருடம். சர்வர் அறைச் சாவி என்னிடம். ஏசி வடிகட்டியைக் கழுவுவது, யுபிஎஸ் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது, சர்வரில் யாருக்கு எவ்வளவு இடம், யாருடைய கணக்கு முதலில் ஓட வேண்டும் என்று தீர்மானிப்பது எல்லாம் நான்தான். தலைவர் வேதமாணிக்கம் சார்தான், ஆனால் கடவுச்சொல் மறந்துபோனால் அவரும் என்னைத்தான் கூப்பிட வேண்டும். போன மாதம் புது டிஸ்க் வாங்கிப் போட்டோம். பாதிகூட நிரம்பவில்லை.

அவளை என் தலையில் கட்டினார் சார். "சுடர், உன் டெங்கு வேலைய வச்சு இந்தப் பொண்ணு ஒரு வெப்சைட் பண்ணட்டும். டாக்டருங்க பிள்ளையோட ரத்த டெஸ்ட் நம்பரப் போட்டா பதில் வரணும். கொஞ்சம் கூட இருந்து சொல்லிக் குடும்மா."

சொல்லிக் கொடுக்க எனக்கு ஏது நேரம்? ஏப்ரல் 30-ஆம் தேதியோடு என் முனைவர் பட்டப் பதிவு முடிகிறது. இரண்டு முறை நீட்டித்தாயிற்று. மூன்றாவது கிடையாது என்று எழுத்துமூலமாகவே சொல்லிவிட்டார்கள். அதற்குள் என் கட்டுரையை ஒரு பத்திரிகை ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால் பட்டம் இல்லை, அவ்வளவுதான்.

ஜனவரி 9, வியாழன்

ரிஸ்வானாவுக்கு என் வேலையை விளக்கினேன். டெங்குவோடு ஆஸ்பத்திரிக்கு வரும் குழந்தைகளில் பெரும்பாலோர் சில நாளில் தேறி வீட்டுக்குப் போய்விடுவார்கள். சிலருக்கு மட்டும் திடீரென்று முற்றி, ஐசியூ வரை போகும். அந்தச் சிலர் யார் என்று முதல் நாள் ரத்தத்தைப் பார்த்தே சொல்ல முடியுமா? இதுதான் என் கேள்வி. குழந்தைகள் ஆஸ்பத்திரியின் டாக்டர் சௌந்தரி அறுபத்து நான்கு குழந்தைகளின் ரத்தம் கொடுத்தார். முதல் பாதி முற்றிய குழந்தைகள், மறுபாதி தேறிய குழந்தைகள். ஒவ்வொரு ரத்தத்திலும் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று வெளியே ஒரு கம்பெனியில் கொடுத்துப் படித்து வாங்கினோம். அதிலிருந்து நான் சில மரபணுக்களைப் பிடித்தேன். அவற்றை வைத்துப் படம் போட்டால், முற்றிய குழந்தைகள் சிவப்புப் புள்ளிகளாக ஒரு பக்கமும் தேறிய குழந்தைகள் நீலப் புள்ளிகளாக மறுபக்கமும் கூடிவிடுவார்கள்.

இரண்டு பேரைத் தவிர. ஒரு சிவப்பு, நீலக் கூட்டத்துக்கு நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறது. ஒரு நீலம் சிவப்புக்குள். அடங்காப்பிள்ளைகள் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

"அந்த ரெண்டு பேருக்கு மட்டும் ஏங்க்கா அப்படி?" என்றாள்.

"உயிருள்ள பிள்ளைங்கம்மா. எல்லாம் ஒரே மாதிரியா இருக்கும்?" என்றேன். ஆய்வேட்டில் இந்த இருவரைப் பற்றி மட்டும் நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். நோய் எதிர்ப்பில் தனிமனித வேறுபாடு என்று நல்ல தலைப்பு.

அவள் தலையாட்டினாள். ஒப்புக்கொண்டு ஆட்டிய மாதிரி இல்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஊருக்குப் போகவில்லை. மெஸ் பூட்டிவிட்டார்கள். பிரெட்டும் ஜாமும்.

ஜனவரி 17, வெள்ளி

பத்திரிகையிலிருந்து பதில் வந்துவிட்டது! சிறு திருத்தங்கள் மட்டும். முக்கியமாக ஒன்றே ஒன்று கேட்கிறார்கள்: இடம் மாறிக் கிடக்கும் இரண்டு குழந்தைகளுக்கு விளக்கம் என்ன? நான்கு பக்கம் கையில் இருக்கிறது, அதைச் சுருக்கினால் முடிந்தது.

சார் எழுந்து வந்து கை கொடுத்தார். குணாளன், ஏதோ எனக்கு அண்ணன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "கிரேட் சுடர்" என்றான். என்னைவிட இரண்டு வருடம் இளையவன், நெல் மரபணுவில் ஆராய்ச்சி. என் கட்டுரை வந்தால் அவன் பொருமுவான் என்பது எனக்குத் தெரியும். மூலையிலிருந்து ரிஸ்வானா பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். இவளுக்கு என்ன வந்தது?

ஜனவரி 21, செவ்வாய்

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு எங்கள் ஆய்வகத்தில் ஒரு சட்டம் உண்டு. பேசுகிறவர் பஜ்ஜி வாங்கி வர வேண்டும். ஆனால் அவருடைய வேலையில் மற்றவர்கள் மூன்று ஓட்டை கண்டுபிடித்துச் சொல்லும்வரை யாரும் பஜ்ஜியைத் தொடக் கூடாது. பசியோடு இருக்கிறவன்தான் கூர்மையாகப் பார்ப்பான் என்பது சாரின் கொள்கை. நடைமுறையில், பிடிக்காதவரைக் குத்துவதற்கு வாரம் ஒருமுறை கொடுக்கப்படும் அனுமதி அது.

இன்று என் முறை. முதல் ஓட்டை குணாளன் சொன்னான், படத்தில் எழுத்து சின்னதாக இருக்கிறதாம். இரண்டாவதும் அவனே, ஒரு மேற்கோள் பழசாம். மூன்றாவதற்கு ஆளில்லை. பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்போது கையைத் தூக்கினாள் அந்தப் புதியவள்.

"அக்கா, ஆம்பளப் பிள்ளை, பொம்பளப் பிள்ளை சரியா இருக்கான்னு ஒரு தடவ பாத்தீங்களா? ஒய் குரோமோசோம் ஜீன வச்சு?"

இது முதல் வருடப் பாடத்தில் வருவது. ஒய் குரோமோசோம் ஆண்களுக்கு மட்டும்தான் உண்டு. பெண் என்று லேபிள் ஒட்டிய ரத்தத்தில் அதன் மரபணு வேலை செய்தால் லேபிள் மாறிவிட்டது என்று அர்த்தம். சமையல்காரியிடம் போய், உப்புப் போட்டீர்களா என்று கேட்கிற மாதிரி கேட்கிறாள்.

"அதெல்லாம் எப்பவோ பாத்தாச்சு" என்றேன்.

"பாத்திருந்தாலும் படம் இல்லையே. இது மூணாவது ஓட்டை!" என்று சார் சிரித்தார். "ரிஸ்வானா, நீயே போட்டுக் குடுத்துரு. எல்லாரும் சாப்பிடுங்கப்பா."

எல்லாரும் சாப்பிட்டார்கள். நான் எடுக்கவில்லை. வாழைக்காய் எனக்கு வாயு.

ஜனவரி 27, திங்கள்

ரிஸ்வானா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சர்வர் அறை வாசலுக்கே வந்துவிட்டாள். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, நான் ஏதோ தப்பு பண்ணிட்டேனோ என்னவோ. பொண்ணுன்னு போட்டிருக்கறதுல ஆம்பளப் பிள்ளை வருது. ஆம்பளப் பிள்ளைன்னு போட்டதுல பொண்ணு வருது. ஒண்ணு ரெண்டு இல்லக்கா. கிட்டத்தட்ட பாதி."

"சார்ட்ட சொல்லிட்டியா?"

"இல்லக்கா. மொதல்ல உங்ககிட்ட…"

"சொல்லாத. ஆஸ்பத்திரில எழுதுறவங்க தூங்கிக்கிட்டே எழுதுவாங்க. ஆணா பொண்ணான்னு யாரு பாக்குறா. நான் விசாரிச்சிட்டு சொல்றேன். அதுவரைக்கும் வாயத் தொறக்காத."

"சரிக்கா" என்று போனாள்.

ஆஸ்பத்திரியில்தான் தவறு. வேறு எங்கே இருக்க முடியும்? ஆஸ்பத்திரிப் பட்டியலைப் பார்த்து லேபிள் ஒட்டும் கம்ப்யூட்டர் நிரலை நான்தான் எழுதினேன், அது மூன்று வருடமாக ஒழுங்காக ஓடுகிறது. இரவு மெஸ்ஸில் சப்பாத்தி. பிடிக்கவில்லை, அப்படியே வைத்துவிட்டேன்.

ஜனவரி 30, வியாழன்

பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன். டாக்டர் சௌந்தரிக்கு போன் செய்யவில்லை. அவர் பிஸியாக இருப்பார்.

யோசித்துப் பார்த்தால் இப்படித்தான் இருக்கிறது. ஆண் பெண் லேபிள் பாதி தப்பு என்றால், முற்றியது தேறியது லேபிளும் பாதி தப்பு. அப்படியானால் சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை, மரபணுக்களும் இல்லை, கட்டுரையும் இல்லை. ஆறு வருடம் அப்படியே குப்பைக்கு. ஊரில் என்ன சொல்வேன்? என் கூடப் படித்தவர்கள் எல்லாம் கல்லூரியில் பாடம் எடுத்துச் சம்பளம் வாங்குகிறார்கள்.

யோசிக்காமல் இருப்பது நல்லது.

பிப்ரவரி 4, செவ்வாய்

ரிஸ்வானாவின் கணக்குகளை வரிசையின் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன். புதிதாக வந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் தொடங்க வேண்டும். குணாளன் வந்தபோது செய்யவில்லையே என்று கேட்டால், அப்போது சர்வர் சும்மா கிடந்தது.

"அக்கா, என் ஜாப் மூணு நாளா நிக்குது" என்றாள்.

"பொறுமை வேணும்மா ஆராய்ச்சிக்கு" என்றேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கேன்டீனில் நான் தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தேன். எதிரே வந்து உட்கார்ந்தாள். கேட்கவும் இல்லை, தயங்கவும் இல்லை.

"அக்கா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். நல்ல விஷயந்தான். அந்த லேபிள் எல்லாம் சும்மா ஒண்ணு…"

"ரிஸ்வானா, நான் டீ குடிக்கிறேன்."

"இல்லக்கா, ஒரே நிமிஷம். நீங்க கேட்டா சந்தோஷப்படுவீங்க. அந்த ரெண்டு பிள்ளைங்க இருக்காங்கள்ல…"

"உனக்கு வேற வேலையே இல்லையா? வெப்சைட் என்னாச்சு? என் பேப்பர நோண்டித்தான் நீ பெரிய ஆளாகணுமா? வந்து ஒரு மாசந்தான் ஆகுது. அதுக்குள்ள ஆறு வருஷ வேலைய ஒரு ஜீன வச்சு மடக்கிட்டோம்னு ஊரெல்லாம் சொல்லணுமா?"

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கண் கலங்கிவிட்டது. எழுந்து போனாள். நான் டீயை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

எனக்குச் சந்தோஷமான விஷயமாம். பாம்பு சந்தோஷமாக வந்து சீறுகிறது.

பிப்ரவரி 14, வெள்ளி

நான் யாரையும் வேவு பார்ப்பதில்லை. ஆனால் யார் எவ்வளவு இடம் எடுக்கிறார்கள் என்று பார்ப்பது நிர்வாகியின் கடமை. பார்த்தேன். ரிஸ்வானா என் மூலக் கோப்புகள் அத்தனையையும் தன் இடத்துக்கு நகல் எடுத்திருக்கிறாள். கம்பெனியிலிருந்து வந்த முதல் கோப்புகள் அவை; நாங்கள் தினமும் வேலை செய்வது அவற்றிலிருந்து எடுத்த அட்டவணையை வைத்துத்தான். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் அந்தக் குழந்தையின் ஆஸ்பத்திரி எண் இருக்கிறது. அங்கிருந்து ஆரம்பித்தால், எந்த ரத்தம் எந்தக் குழந்தையுடையது என்று சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும்.

முதலிலிருந்து போட்டுப் பார்க்கப் போகிறாள். யார் கேட்டார்கள் இவளை?

பிப்ரவரி 17, திங்கள்

சர்வரில் இடம் போதவில்லை. பழையவற்றை நீக்கினேன், காப்பு டிஸ்கிலும் சேர்த்து. மதியம் தலைவலி. துணி துவைத்தேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ரிஸ்வானா அழுதுகொண்டே வந்தாள். அவள் எடுத்த நகலைக் காணோமாம்.

"நாந்தான் ஏதோ தப்பா அழிச்சிட்டேன் போலக்கா. திரும்ப எடுத்துக்கவா?"

"இவ்வளவு பெரிய டேட்டாவ இப்படித்தான் கையாளுவியா? பழசெல்லாம் கட்டி வச்சாச்சு. ஏப்ரலுக்கு அப்புறம் பாக்கலாம்."

"சாரிக்கா" என்றாள். நன்றாக நினைவிருக்கிறது, அவள்தான் சாரி சொன்னாள்.

அவள் இடத்தையும் கொஞ்சம் குறைத்துவைத்தேன். கவனமில்லாதவர்களுக்கு நிறைய இடம் கொடுப்பது ஆபத்து.

பிப்ரவரி 24, திங்கள்

திருத்திய கட்டுரையை அனுப்பிவிட்டேன். அடங்காப்பிள்ளைகளுக்குத் தனிமனித வேறுபாடு என்று அரைப் பக்கம். மூலக் கோப்புகளைப் பொதுவில் வைக்க முடியாது, குழந்தைகளின் மரபணு விவரம், ஆஸ்பத்திரி அனுமதி இல்லை என்று ஒரு வரி. எல்லாரும் எழுதுகிற வரிதான், யாரும் கேள்வி கேட்பதில்லை.

மார்ச் 11, செவ்வாய்

சாரிடம் போன வாரமே சொல்லியிருந்தேன், ரிஸ்வானா கொஞ்சம் அவசரக்காரி, டேட்டாவை அழித்துவிட்டாள், மருத்துவ வேலைக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று. மனதில் பட்டதைத்தான் சொன்னேன்.

இன்று கூட்டத்தில் சார் எல்லார் முன்னாலும் கேட்டார். "என்னம்மா, ஆஸ்பத்திரி டேட்டான்னா வெளையாட்டா? ஒவ்வொண்ணும் ஒரு பிள்ளையோட ரத்தம். இனிமே நீ குணாளன்கூட நெல் வேலைய பாரு."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு, "சரி சார்" என்று உட்கார்ந்தாள்.

குணாளன் என் பக்கம் குனிந்து, "யாத்தே, ஒரே போடு" என்றான். மிளகாய் பஜ்ஜி. நான்கு சாப்பிட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

பத்திரிகையிலிருந்து: மதிப்பிடுபவர்களில் ஒருவருக்கு முழுத் திருப்தி. இன்னொருவரின் கருத்து வந்ததும் முடிவு. ஏப்ரலுக்குள் வந்துவிடும். விடுதி மரத்தடியில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். காவலாளி பார்த்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

இன்று கூட்டத்தில் ரிஸ்வானாவின் முறை. நெல்லைப் பற்றிப் பேச வேண்டும். வெங்காய பஜ்ஜிப் பொட்டலத்தை மேசை நடுவில் வைத்தாள். திரையில் நெல் வரவில்லை. என் படம் வந்தது. என் சிவப்பு, என் நீலம், என் இரண்டு அடங்காப்பிள்ளைகள்.

"சார், திட்டுங்க, பரவால்ல. அஞ்சு நிமிஷம் குடுங்க" என்றாள். "இதுல ஆண் பெண் லேபிள் பாதி தப்பா இருக்கு. அக்காட்ட ஜனவரியிலயே சொல்லிட்டேன். ஆனா ஏன் தப்புன்னு அப்பத் தெரியல. அக்கா நிரல்ல ஒரே ஒரு எடத்துல இருக்கு."

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பஜ்ஜிப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கம்ப்யூட்டர் பூஜ்யத்துல இருந்து எண்ணுது. அக்கா ஒண்ணுல இருந்து எண்ணுதுன்னு நெனச்சு ஒண்ணக் கழிச்சிருக்காங்க. அதனால ஒவ்வொரு பிள்ளைக்கும் அதுக்கு முன்னாடி உள்ள பிள்ளையோட லேபிள் போயிருச்சு. மொதப் பிள்ளைக்கு முன்னாடி ஆளில்ல, அதுக்குக் கடைசிப் பிள்ளையோட லேபிள் சுத்தி வந்துருச்சு. அவ்வளவுதான் சார். எல்லாம் ஒண்ணு தள்ளியிருக்கு."

"அப்ப ரிசல்ட் எல்லாம் போச்சா?" என்று சார் எழுந்துவிட்டார்.

"இல்ல சார், அதான் இல்ல! மொதல்ல முத்துன பிள்ளைங்க வரிசையா, அப்புறம் தேறுன பிள்ளைங்க வரிசையா இருக்காங்க. ஒண்ணு தள்ளுனா பக்கத்துல இருக்கறதும் அதே வகைதான். ஆண் பெண்தான் மாறும், நோய் மாறாது. ரெண்டே ரெண்டு பேருக்குத்தான் மாறும். மொத ஆளு முத்துன பிள்ளை, அதுக்குக் கடைசி ஆளோட நீல லேபிள். நடுவுல, தேறுனவங்கள்ல மொதப் பிள்ளைக்கு, அதுக்கு முன்னால இருந்த முத்துன பிள்ளையோட சிவப்பு லேபிள்."

ஒரு பொத்தானைத் தட்டினாள். படம் மாறியது. சிவப்புக்குள் இருந்த நீலம் சிவப்பானது. நீலத்துக்குள் இருந்த சிவப்பு நீலமானது. ஒரு புள்ளிகூட இடம் தப்பி இல்லை. மூன்று வருடமாக நான் பார்த்துப் பார்த்துச் சலித்த படம், ஒரு குற்றமும் இல்லாமல் அங்கே நின்றது.

சார் மேசையைத் தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார். "சுடர்! பாத்தியா சுடர்! உன் ரிசல்ட் நீ நெனச்சதவிட நல்லா இருக்கும்மா! இன்னைக்கே எடிட்டருக்கு எழுது, லேபிள் ஒண்ணு தள்ளியிருந்துச்சு, சரி பண்ணிட்டோம், அந்த ரெண்டு பேருக்கும் இப்ப விளக்கமே வேண்டாம்னு எழுது. ரிஸ்வானா, நீ அந்த டேட்டாவ அழிச்சதயெல்லாம் மன்னிச்சேன்!"

மூன்று ஓட்டை கேட்கவே மறந்துபோனார். எல்லாரும் அப்படியே பஜ்ஜியை எடுத்துத் தின்றார்கள். நான் வந்த நாளிலிருந்து இப்படி நடந்ததில்லை. என் கையிலும் ஒன்றைத் திணித்தார்கள்.

ஏப்ரல் 2, புதன்

எடிட்டருக்கு அனுப்ப வேண்டாம், ஏற்கும்வரை பொறுப்போம், பிறகு திருத்தலாம் என்று சாரிடம் சொன்னேன். "என்னம்மா பேசுற? தெரிஞ்ச தப்போட அச்சாகணுமா?" என்றார். அவரே எழுதி அனுப்பிவிட்டார், என் எதிரிலேயே.

ஏப்ரல் 9, புதன்

எடிட்டர் பாராட்டி எழுதியிருக்கிறார். இவ்வளவு நேர்மையாகத் தவறைச் சொல்பவர்கள் அரிதாம். ஆனால் லேபிள்களே மாறியிருப்பதால் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டுமாம். மூலக் கோப்புகளைப் பொதுவில் வைக்க வேண்டாம், ரகசியமாக அவர்களுக்கு மட்டும் அனுப்பினால் போதும். சரியாக இருந்தால் உடனே ஏற்பு. இந்த மாதத்துக்குள்ளேயே.

"அனுப்பிரு சுடர்" என்றார் சார். "ஒரு நாள் வேலை."

ஏப்ரல் 10, வியாழன்

டிஸ்கில் கோளாறு என்று சொன்னேன். மின்சாரம் ஏறி இறங்கியதில் போயிருக்கலாம். மூலக் கோப்புகள் திறக்கவில்லை. காப்பு டிஸ்கிலும் அதேதான்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குணாளன் தன் மேசையிலிருந்தே கேட்டான். "புது டிஸ்க்தானே சுடர்? எங்க நெல்லு ஃபைலு எல்லாம் நல்லாத்தான இருக்கு. ஒன்னுது மட்டும் எப்புடி போகும்?"

"எனக்கென்ன தெரியும், டிஸ்கைக் கேளு" என்றேன்.

அதன்பின் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

ஏப்ரல் 11, வெள்ளி

ரத்தத்தைப் படித்த கம்பெனியில் கேட்டோம். ஒரு வருடம்தான் வைத்திருப்பார்களாம், அழித்துவிட்டார்கள். அழித்த கோப்பை மீட்கும் மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன். அந்த இடத்தில் நெல் கோப்புகள் ஏறி உட்கார்ந்துவிட்டன. எல்லாம் குணாளனுடையவை, அவனுக்கு இவ்வளவு இடம் கொடுத்தது யார்? நான்தான்.

ஏப்ரல் 15, செவ்வாய்

டாக்டர் சௌந்தரி நேரில் வந்துவிட்டார். மிச்ச ரத்தம் இருந்தால் திரும்பப் படிக்கலாம் என்று சார் கேட்டிருந்தார். மிச்சம் இல்லை. சாரிடம் பேசவில்லை, நேரே என் மேசைக்கு வந்தார்.

"ஊசிய பாத்தே அலறுற பிள்ளைங்கம்மா. அம்மாமாருகிட்ட கைய பிடிச்சுக் கெஞ்சி வாங்குன ரத்தம். இந்த மழைக்காவது யார வார்டுல வைக்கணும், யார வீட்டுக்கு அனுப்பலாம்னு உன் டெஸ்ட வச்சுப் பாக்கலாம்னு இருந்தேன். ஒரு காப்பிகூடவா வைக்கல? உன்ன நம்பி எப்படிக் குடுத்தேன் நான்?"

டிஸ்க் என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டுப் போய்விட்டார். கூட்டம் நடக்கவில்லை. பஜ்ஜி வாங்கவில்லை.

ஏப்ரல் 23, புதன்

எடிட்டர்: மூலக் கோப்புகள் இல்லாமல் மாற்றிய லேபிள்களை நம்ப வழியில்லை. வருத்தத்துடன் நிராகரிக்கிறோம்.

பதிவாளர் அலுவலகத்தில் கேட்டேன். ஏப்ரல் 30 என்றால் ஏப்ரல் 30.

ஏப்ரல் 25, வெள்ளி

விடுதித் தண்ணீர்க் குழாயடிக்கு ரிஸ்வானா வந்தாள். இருவர் கையிலும் குடம். இந்த முறை உட்காரவில்லை, சாரி சொல்லவும் இல்லை.

"என் காப்பிய நான் அழிக்கல இல்லக்கா?"

நான் குழாயைத் திறந்தேன்.

"ரெண்டு மாசமா நாந்தான் அழிச்சிட்டேன்னு நெனச்சிட்டு இருந்தேன். சார் திட்டுனப்பகூட, சரி, நம்ம தப்புதானேன்னு வாங்கிக்கிட்டேன். கேன்டீன்ல உங்ககிட்ட சொல்ல வந்தேன்ல. நல்ல விஷயம்னுகூட சொன்னேன்."

"என்னைய எல்லார் முன்னாடியும் மாட்டிவிடணும்னுதானே நெனச்ச?"

"ஆமா" என்றாள். "நெல்லுக்குத் தூக்கிப் போட்டதுக்கப்புறம் நெனச்சேன். அதுக்கு முன்னாடி நெனைக்கல."

குடம் நிரம்பி வழிந்தது. அவளே கையை நீட்டிக் குழாயை மூடினாள்.

"அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ ஓட்டிப் பாத்திருக்கலாம்லக்கா. உங்க டேட்டாதானே."

"யாரு அழிச்சா?" என்று கேட்டேன்.

அவள் தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த குழாய்க்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 30, புதன்

சர்வர் அறைச் சாவியைக் குணாளனிடம் கொடுக்கச் சொல்லிவிட்டார் சார். நேரில் சொல்லவில்லை, மின்னஞ்சல். கொடுப்பதற்கு முன் ஏசி வடிகட்டியைக் கழுவி மாட்டினேன், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன். குணாளன் இதெல்லாம் செய்யமாட்டான், இரண்டு மாதத்தில் யுபிஎஸ் ஊளையிடும்.

என் நிரலைத் திறந்தேன். அந்த ஒரு இடத்தில் 'கழித்தல் ஒன்று' என்பதை எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் அட்டவணையை வைத்து ஓட்டினேன். வரிசையில் யாரும் இல்லை, உடனே ஓடியது. சிவப்பெல்லாம் ஒரு பக்கம், நீலமெல்லாம் ஒரு பக்கம். அடங்காப்பிள்ளைகள் இரண்டு பேரும் அவரவர் இடத்துக்குப் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டார்கள். அவர்கள் முதலிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறார்கள். அழுகை வந்தது, அழுதேன். சர்வர் அறையில் அழுதால் வெளியே கேட்காது, அவ்வளவு இரைச்சல்.

அவளை எனக்குப் பிடிக்கவில்லை. இன்றும் பிடிக்கவில்லை. முதல் நாளே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தவள்.

கடைசியாக, நிர்வாகி கணக்கிலிருந்து வெளியேறுவதற்கு முன், ரிஸ்வானாவிடமிருந்து குறைத்த இடத்தைத் திரும்ப ஏற்றிவைத்தேன். பழைய அளவுக்கு இரண்டு மடங்கு. சர்வரில் இப்போது நிறைய இடம் இருக்கிறது.